சிங்கப்பூரில் மணி பார்த்த கதை



சென்ற பள்ளி விடுமுறையில் நம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இருபது பேரை அழைத்துக்கொண்டு, ஜொகூர்க் கடற்பாலம் கடந்து சிங்கப்பூருக்குச் சென்றிருந்தோம். தேக்கா சந்தையில் பசியாறிவிட்டுச் சிராங்கூன் சாலையில் நடந்துகொண்டிருந்தோம். ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் முப்பது நாற்பது சுவர்க் கடிகாரங்கள் மாட்டியிருந்தன. ஒன்று பத்தேகால் என்றது. இன்னொன்று நாலு மணி என்றது. மூன்றாவது ஓடவே இல்லை. பையன் ஒருவன் நின்று பார்த்துவிட்டு, "ஐயா, இதிலே எது சரியான மணி?" என்று கேட்டான். கூட வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் அது சிரித்து ஒதுக்கத்தக்க கேள்வியன்று. அந்தக் கேள்விக்குப் பதில் தேடி மனிதன் இருநூறு ஆண்டுகளாக அலைந்திருக்கிறான், இன்னும் அலைந்துகொண்டிருக்கிறான். அந்த அலைச்சலில் சிங்கப்பூருக்கும் ஒரு பங்கு உண்டு. அதைத்தான் இன்று உங்களோடு பேசப்போகிறோம்.

விடியற்காலையில் தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணியோசை கேட்டு எழுந்தவர்களுக்கு, நேரம் என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பெரட்டுக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் அன்றைய பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. எங்கள் தந்தையார் பால் வெட்டிய தோட்டத்தில் (அதன் பெயர் இங்கே வேண்டாம்) நம்பத்தக்க கடிகாரம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஆபீசில் இருந்தது. காலையில் அது வேகமாக ஓடும், மாலையில் மெதுவாக ஓடும் என்பது லயத்துக்காரர்களின் பேச்சு. வேடிக்கைக்குச் சொன்ன பேச்சா, வயிறெரிந்து சொன்ன பேச்சா என்று நம்மால் இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

1970களில் ஒரு தீபாவளிச் சமயம், தந்தையார் சிங்கப்பூரில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போனவர், சிராங்கூன் சாலையில் ஒரு மேசைக் கடிகாரம் வாங்கி வந்தார். பக்கத்து வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் வானொலி இருந்தது. செய்திக்கு முன்னால் வானொலியில் "டிக், டிக்" என்று மணிக்குறி வருமல்லவா, அதைக் கேட்டு அந்தக் கடிகாரத்தைத் திருத்திவைத்தார். மறுநாள் பெரட்டு மணி அடித்தபோது பார்த்தால், பன்னிரண்டு நிமிடம் முந்தி அடித்திருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. அவரும் இன்னும் இரண்டு பேரும் தண்டலிடம் போய் மெதுவாகச் சொன்னார்கள். யாரும் தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த வாரம் மணி சரியாக அடித்தது. பன்னிரண்டு நிமிடம் என்பது பெரிய காலமா என்று நீங்கள் கேட்கலாம். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடிவர வேண்டிய தாய்க்கு அது பெரிய காலம்தான்.

ஆபீஸ் கடிகாரத்தை வானொலி திருத்தியது. சரி, வானொலியின் கடிகாரத்தைத் திருத்தியது யார்?

நம் முன்னோர் காலத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. சூரியன் உதித்தால் நாள் தொடங்கியது. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். அடியில் சிறு துளையிட்ட நாழிகை வட்டிலை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்கும்போது ஒரு நாழிகை என்று எண்ணினார்கள். ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் தலைக்கு மேல் சூரியன் வரும்போது உச்சிவேளை. மதுரைக்கும் சென்னைக்கும் சில நிமிட வித்தியாசம் இருந்தது. அதைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை.

கவலைப்பட்டவர்கள் கப்பல்காரர்கள். நடுக்கடலில் தான் கிழக்கே எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அறிய மாலுமிக்கு ஒரே வழிதான் இருந்தது. இங்கே உச்சிவேளை ஆகும்போது, புறப்பட்ட ஊரில் மணி என்ன என்று தெரிய வேண்டும். அதற்காகவே கப்பலில் நுட்பமான கடிகாரம் ஒன்றை வைத்திருந்தார்கள். பூமத்தியரேகைப் பக்கத்தில் அந்தக் கடிகாரம் ஒரு விநாடி தவறினால், கப்பல் இருக்கும் இடத்தின் கணக்கு ஏறத்தாழ 460 மீட்டர் தவறிப்போகும். ஒரு நிமிடம் தவறினால் 28 கிலோமீட்டர். பாறையும் திட்டும் நிறைந்த சிங்கப்பூர் நீரிணையில் அப்படித் தவறினால் கப்பலின் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே துறைமுகத்துக்கு வந்த கப்பல்கள் தத்தம் கடிகாரங்களைச் சரிபார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டியிருந்தது. லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள கிரீனிச்சில் 1833ஆம் ஆண்டு ஓர் உபாயம் செய்தார்கள். உயரமான கம்பத்தில் ஒரு பெரிய பந்தை ஏற்றி, சரியாகப் பிற்பகல் ஒரு மணிக்கு அதை விழவிட்டார்கள். ஓசை காற்றில் வந்து சேர நேரம் பிடிக்கும். ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை. பந்து நகரும் கணத்தைத் தூரத்துக் கப்பலிலிருந்து கண்ணால் பார்த்தே கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

அதே போன்ற பந்து சிங்கப்பூரில் ஃபோர்ட் கன்னிங் குன்றின் மேலும் இருந்தது. பந்து முதலில் பாதிக் கம்பம் வரை ஏறும். பிறகு உச்சிக்கு ஏறும். ஒரு மணிக்கு விழும். நேரம் அறிவிக்கப் பீரங்கியும் வெடித்தார்கள். பீரங்கி ஊருக்கு, பந்து கப்பலுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். பழைய பந்தின் மாதிரி ஒன்றை இப்போதும் அந்தக் குன்றில் வைத்திருக்கிறார்கள். நாம் பிள்ளைகளை அங்கேயும் அழைத்துச் சென்றோம். குன்றின் அடிவாரத்தில்தான் டாங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. நகரத்தார் அந்தக் கோயிலை எழுப்பிய 1859ஆம் ஆண்டில்தான் மேலே குன்றில் கோட்டை கட்டும் வேலையும் தொடங்கியது. கீழே பஞ்சாங்கத்தின் நாழிகைக் கணக்கு, மேலே கிரீனிச்சின் மணிக்கணக்கு. ஒரே குன்றில் இரண்டும் நடந்துவந்தன.

தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான ஓரிடம் இருந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டு வானாய்வுக்கூடம் ஒன்று கட்டப்பட்டது. அதன் கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்துகளும் வெட்டப்பட்டுள்ளன. அங்கே கணித்த சென்னை நேரம் கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. இந்திய ரயில்கள் பல ஆண்டுகள் இந்தச் சென்னை நேரப்படிதான் ஓடின. 1906ஆம் ஆண்டில் ஐந்தரை மணி என்ற இந்தியப் பொது நேரம் வந்தது.

சிங்கப்பூரின் சொந்தச் சூரிய நேரம் கிரீனிச்சுக்கு 6 மணி 55 நிமிடம் 25 விநாடி முந்தியது. 1905ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி அதை முழுமையாக ஏழு மணி என்று ஆக்கினார்கள். வெறும் நாலரை நிமிட மாற்றம்தான். அதன் பிறகு நடந்தவைதாம் வேடிக்கை.

1920ஆம் ஆண்டில் ஆளுநராக இருந்த சர் லாரன்ஸ் கில்மார்ட், கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவைக்கலாம் என்றார். வேலை முடிந்த பிறகு மாலை வெளிச்சம் மிச்சமாகும், விளையாடலாம், உலாவலாம் என்பது அந்த யோசனையின் சாரம். அது அப்போது நிறைவேறவில்லை. 1933ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, அரை மணி இல்லாமல் இருபது நிமிடம் முன்னால் தள்ளினார்கள். ஏறத்தாழ ஒரு நாழிகை! 1941ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி இன்னும் பத்து நிமிடம் தள்ளி ஏழரை மணி ஆக்கினார்கள். பந்தாடுபவனுக்கு மாலை வெளிச்சம் மிச்சமானது உண்மைதான். ஆனால் அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது? காலையிலிருந்து எடுத்தது. காலை நேரத்தை நம்பிப் பிழைப்பவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் கணக்கு வேறு மாதிரி தெரியும்.

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஊரின் பெயரைச் சியோனான் என்று மாற்றினார்கள் என்பது பலருக்கும் தெரியும். மணியையும் மாற்றினார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தோக்கியோவில் என்ன மணியோ அதுவே சிங்கப்பூரிலும் மணி என்று ஆயிற்று. ஒரேயடியாக ஒன்றரை மணி நேரம் முன்னால்! அந்த மாதத்தில் முன்பு கடிகாரம் ஆறே முக்கால் காட்டும்போது உதித்த சூரியன், இப்போது எட்டேகாலுக்கு உதித்தது. மனிதர்களை மட்டுமின்றி, சூரியனையும் தோக்கியோவுக்குக் கட்டுப்படச் சொன்ன காலம் அது. மூன்றரை ஆண்டுகளுக்குப் பிறகு, ஜப்பானியர் சிங்கப்பூர் நகராட்சிக் கட்டடத்தில் சரணடைந்த 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி, பழைய ஏழரை மணிக் கணக்கு திரும்பி வந்தது.

கடைசி மாற்றம் 1981ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி இரவு. தீபகற்ப மலேசியாவின் நேரத்தைச் சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாக்குவது என்று மலேசியா முடிவு செய்தது. சிங்கப்பூரும் உடன் சேர்ந்துகொண்டது. இரவு பதினொன்றரை மணியானபோது முள்ளை நகர்த்திப் பன்னிரண்டு ஆக்கினார்கள். 1982 அரை மணி முன்பாகவே பிறந்துவிட்டது. இந்தியாவுக்கும் நமக்கும் அதுவரை இரண்டு மணி நேர வித்தியாசம். அன்று முதல் இரண்டரை மணி.

பால்மரம் இதையெல்லாம் அறியாது. குளிர்ச்சி இருக்கும்போது, வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். அரசாங்கம் கடிகாரத்தை மாற்றலாம், மரம் மாற்றிக்கொள்ளாது. 1982 ஜனவரியில் எங்கள் தோட்டத்தில் பெரட்டு மணி கடிகாரப்படி பழைய எண்ணிலேயே அடித்தது என்றும், அதனால் நெற்றி விளக்கோடு இருட்டில் நிற்கும் நேரம் அரை மணி கூடிற்று என்றும், பால் வெட்டில் இருந்தவர்கள் பிற்பாடு சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்றும் சிங்கப்பூரில் சூரியன் ஏழு மணியளவில்தான் உதிக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் இருட்டிலேயே புறப்படுகிறார்கள். உச்சிவேளை பன்னிரண்டுக்கு வருவதில்லை, சராசரியாக ஒரு மணி நாலு நிமிடத்துக்கு வருகிறது. ஃபோர்ட் கன்னிங் பந்து விழுந்த அதே ஒரு மணிதான் இன்று ஏறத்தாழ உண்மையான நடுப்பகல்!

ராகு காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை என்பது, சூரியன் ஆறு மணிக்கு உதிப்பதாக வைத்துக்கொண்ட கணக்கு. ஏழு மணிக்கு உதிக்கும் ஊரில் அது எட்டரைக்கு அல்லவா தொடங்க வேண்டும்? இதைப் பற்றிச் சிராங்கூன் சாலையில் நின்று வாக்குவாதம் செய்ய நமக்கு விருப்பமில்லை. கணக்கை மட்டும் சொல்லிவைத்தோம்.

இனி, "எது சரியான மணி?" என்ற பையனின் கேள்விக்கு வருவோம்.

எந்தக் கடிகாரமானாலும் அதில் இரண்டு பகுதிகள் உண்டு: ஒரே சீராக ஆடுவது ஒன்று, அந்த ஆட்டத்தை எண்ணுவது ஒன்று. பழைய சுவர்க் கடிகாரத்தில் ஆடுவது ஊசற்குண்டு. கைக்கடிகாரத்தில் ஆடுவது குவார்ட்ஸ் என்னும் சிறு கல். அது விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஆட்டம் எவ்வளவு விரைவோ அவ்வளவு நுட்பமாக அளக்கலாம். அரிசியை மரக்காலால் அளப்பதற்கும் ஆழாக்கால் அளப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. ஆனால் குண்டு வெயிலில் நீளும். கல் நாளடைவில் மாறும். ஒரு தொழிற்சாலையில் செய்த கல்லைப் போலவே இன்னொன்றும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

அணுக்கள் அப்படியல்ல. உலகத்தில் உள்ள சீசிய அணுக்கள் எல்லாம் ஒரே அச்சு. 1955ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லூயி எஸ்ஸன் என்பவர் தம் துணைவரோடு சீசிய அணுவைக் கொண்டு ஓடும் கடிகாரத்தை அமைத்தார். 1967ஆம் ஆண்டில் உலக நாடுகள் கூடி, சீசிய அணுவோடு பொருந்தும் அலை 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை ஆடினால் அதுவே ஒரு விநாடி என்று வகுத்தன. அன்றோடு, நேரத்தைச் சொல்லும் உரிமை சூரியனிடமிருந்து அணுவின் கைக்குப் போயிற்று. சிங்கப்பூரின் நேரத்தை இப்போது அந்நாட்டின் தேசிய அளவியல் நிலையம் அணுக்கடிகாரங்களைக் கொண்டு காத்துவருகிறது. பாரிசுக்கு அருகே உள்ள அனைத்துலக அளவை நிலையம் பல நாடுகளின் அணுக்கடிகாரங்களைச் சேர்த்து உலக நேரத்தைக் கணக்கிடும்போது, சிங்கப்பூரின் கடிகாரங்களும் அதில் சேருகின்றன. ஆளுக்கொரு கடிகாரம் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் சரிபார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது. எங்கள் லயத்தில் நடந்ததும் அதுதானே!

சிங்கப்பூர் அதோடு நிற்கவில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007ஆம் ஆண்டு குவாண்டம் தொழில்நுட்ப நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே மரே பேரட் என்ற விஞ்ஞானியின் குழு லுட்டீசியம் என்னும் அபூர்வ உலோகத்தின் அணுவைக் கொண்டு கடிகாரம் செய்துவருகிறது. ஒரே ஓர் அணு! அதிலிருந்து ஓர் எலெக்ட்ரானை நீக்கி, காற்றில்லாத பெட்டிக்குள் மின்விசையால் அந்தரத்தில் நிறுத்தி, லேசர் ஒளியால் குளிரச்செய்து, அதன் எலெக்ட்ரானை ஒளியால் தட்டுகிறார்கள். அந்த ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 350 லட்சம் கோடி முறை ஆடுகிறது. சுற்றுப்புறத்து வெப்பம் அணுக்கடிகாரங்களுக்கு ஒரு பெரிய பகை. லுட்டீசியம் அந்த வெப்பத்துக்கு மிகக் குறைவாகவே அசைந்துகொடுக்கிறது என்று 2018ஆம் ஆண்டில் இந்தக் குழு அளந்து காட்டியது. 2023ஆம் ஆண்டில் இரண்டு லுட்டீசியக் கடிகாரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வெளியிட்டார்கள். ஒப்பீட்டின் நுட்பம், கோடியை இன்னொரு கோடியால் பெருக்கி, அதை மேலும் பத்தாயிரத்தால் பெருக்கினால் வரும் எண்ணில் ஒரு பங்கு என்ற அளவில் இருந்தது. பிரபஞ்சம் தோன்றிய நாள் முதல் ஓடியிருந்தாலும் ஒரு விநாடி பிசகாத அளவு.

இவ்வளவு நுட்பம் எதற்கு என்று கேட்பீர்கள். உயரத்தில் இருக்கும் கடிகாரம் தாழ்வில் இருக்கும் கடிகாரத்தைவிடச் சற்று வேகமாக ஓடும் என்பது ஐன்ஸ்டீன் கண்ட உண்மை. ஃபோர்ட் கன்னிங் குன்றின் மேல் ஒன்றும், கீழே கடலோரத்தில் ஒன்றும் வைத்தால், குன்றின் கடிகாரம் ஓர் ஆண்டில் ஒரு விநாடியை அறுபது லட்சமாகப் பங்கிட்டு அதில் ஒரு பங்கு அளவு முந்தியிருக்கும். இப்போதைய கடிகாரங்களின் நுட்பத்துக்குக் குன்றும் தேவையில்லை. ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினாலே தெரிந்துவிடும். நிலம் தாழ்கிறதா, கடல் ஏறுகிறதா என்று கடிகாரத்தை வைத்தே அளக்கலாம். கையிலுள்ள தொலைபேசி வழி சொல்வதும் துணைக்கோள்களில் உள்ள அணுக்கடிகாரங்களின் தயவில்தான். அன்று மாலுமிக்கு இருந்த கணக்கும் இதுவே. தவறும் தூரம்தான் சுருங்கிக்கொண்டே வருகிறது.

இப்போது அணுவுக்கும் உள்ளே போக வேண்டியிருக்கிறது. இதுவரை சொன்ன கடிகாரங்களில் எல்லாம் ஆடுபவை அணுவின் வெளிப்புறத்தில் உள்ள எலெக்ட்ரான்கள். அவை வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களைப் போல. தெருவில் என்ன நடந்தாலும் திரும்பிப் பார்ப்பார்கள். அணுவின் நடுவே இருக்கும் கருவோ உள்ளறையில் இருக்கும் பாட்டியைப் போல. வெளிச்சந்தடி அங்கே எட்டுவது அரிது. ஆகவே கருவையே ஆடவைத்தால் இன்னும் சீரான கடிகாரம் கிடைக்கும் என்று விஞ்ஞானிகள் எண்ணினார்கள்.

ஆனால் கருவைத் தட்டி எழுப்ப மிகப் பெரும் ஆற்றல் வேண்டும்; லேசர் ஒளியால் ஆகாது. ஒரே ஒரு கரு விதிவிலக்காக இருந்தது: தோரியம் 229. சில அணுக்கருக்கள் ஆற்றலை வாங்கிக்கொண்டு, பரண் மேல் ஏறிய பிள்ளை இறங்காமல் அங்கேயே உட்கார்ந்துவிடுவதைப் போல, சற்று நேரம் தங்கிவிடும். அந்த நிலைக்கு ஐசோமர் என்று பெயர். ஆட்டோ ஹான் 1921ஆம் ஆண்டிலேயே இத்தகைய நிலையைக் கண்டார். மற்றக் கருக்களின் பரண் கூரை உயரம் என்றால், தோரியம் 229இன் பரண் ஒரு மணைப்பலகை உயரம்தான். இதை 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குரோகர், ரைக் என்ற இருவர் மறைமுகமாகக் கண்டறிந்தனர்.

தோரியம் நமக்குப் புதிய பொருளன்று. திருவிழாவிலும் கல்யாணத்திலும் முன்பு ஏற்றிய கேஸ் விளக்கு உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதன் வெள்ளை வலையை ஒளிரச் செய்தது தோரியம்தான். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அது தோரியம் 232. அதை அணு உலையில் யுரேனியம் 233ஆக மாற்றலாம். கல்பாக்கத்தில் காமினி என்ற சிறிய உலை அந்த யுரேனியத்தைக் கொண்டு 1996ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அந்த யுரேனியம் மெல்ல மெல்லச் சிதையும்போது பிறப்பதுதான் தோரியம் 229. கடற்கரை மணலுக்கு இது பேரப்பிள்ளை முறை என்று சொல்லலாம்.

2003ஆம் ஆண்டில் பைக், டாம் என்ற இரு ஜெர்மானியர், இந்தக் கருவைக் கொண்டு கடிகாரம் செய்யலாம் என்று திட்டம் தந்தனர். ஆனால் அதை எந்த நிற ஒளியால் தட்டுவது? 1990களில் கணக்கிட்ட ஆற்றல் மூன்றரை அலகு. அதை நம்பிப் பலரும் அந்த ஒளியைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. 2007ஆம் ஆண்டில் மறுபடி அளந்தபோது ஏழரைக்கு மேல் என்று வந்தது; உண்மையில் எட்டேகாலுக்கும் சற்று மேல். இந்த ஒளி காற்றில் கூடச் செல்லாது, காற்றே விழுங்கிவிடும். ஊசி அடுக்களையில் விழுந்திருக்க, அவர்கள் வாசலில் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆராய்ச்சியாளர்களுக்கு இப்படி இருபது முப்பது ஆண்டுகள் போவது உண்டு. அதைத் தோல்வி என்று பாடநூல்கள் எழுதுவதில்லை. அப்படி எழுதினால்தான் பிள்ளைகளுக்கு நன்மை என்பது நம் கருத்து.

இன்னொரு சங்கடமும் இருந்தது. தோரியக் கரு வாங்கிய ஆற்றலைப் பக்கத்தில் உள்ள எலெக்ட்ரானிடம் கொடுத்துவிடும், ஒளியே வராது. ஓட்டைக் குடத்தில் நீர் நிற்காதது போல, ஒரு விநாடியின் லட்சத்தில் ஒரு பங்குக்குள் ஆற்றல் ஒழுகிவிடும். 2016ஆம் ஆண்டு ஜெர்மனியின் மியூனிக்கில் இந்த ஒழுக்கை வைத்தே ஐசோமரை முதன்முறை நேராகக் கண்டார்கள். ஆனால் ஒளி வேண்டுமானால் ஓட்டையை அடைக்க வேண்டும். அதற்கு உதவியது படிகம். கால்சியம் ஃபுளோரைடு போன்ற தெளிந்த படிகத்துக்குள் தோரியத்தைப் பதித்தால், அங்குள்ள எலெக்ட்ரான்கள் இறுகப் பிணைந்திருப்பதால் எட்டு அலகு ஆற்றலை வாங்கிக்கொள்ள முடியாது. படிகமும் அந்த ஒளியைத் தடுக்காமல் வெளியே விடும்.

2023ஆம் ஆண்டு, ஜெனீவாவில் உள்ள சேர்ன் ஆய்வுக்கூடத்தில், ஆக்டீனியம் 229 அணுக்களைப் படிகத்துக்குள் செலுத்தினார்கள். ஆக்டீனியம் சிதைந்து தோரியம் ஆயிற்று. அதில் ஒரு பகுதி ஐசோமராகப் பிறந்தது. படிகத்திலிருந்து மங்கலான புற ஊதா ஒளி வந்தது. அணுக்கருவின் அந்த ஒளியை மனிதன் முதன்முறை அளந்தது அப்போதுதான். மறு ஆண்டு, 2024இல், வியன்னாவில் தோர்ஸ்டன் ஷும் குழுவினர் வளர்த்த தோரியப் படிகத்தில், ஜெர்மனியின் அளவியல் நிலையத்தைச் சேர்ந்த பைக் குழுவினரும் சேர்ந்து, லேசரால் கருவைத் தட்டி எழுப்பினார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் திட்டம் தந்த அதே பைக்! அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிசில் எரிக் ஹட்சன் குழுவினர் வேறொரு படிகத்தில் அதைச் செய்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் கொலராடோவில் ஜுன் யே குழுவினர், வியன்னாப் படிகத்தை வைத்துக்கொண்டு அந்த ஒளியின் ஆட்டத்தையே எண்ணிவிட்டார்கள்: விநாடிக்கு ஏறத்தாழ 2,020 லட்சம் கோடி. லுட்டீசிய ஒளியைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு விரைவு.

லேசரை நிறுத்திய பிறகும் படிகத்தின் ஒளி உடனே மறைவதில்லை. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு மேல் கரு விழித்திருந்து, பிறகு உறங்கப்போகிறது. அவ்வளவு நேரம் நிற்பதால்தான் அதன் தாளம் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. நன்றாக வார்த்த கோயில் மணியின் நாதம் நெடுநேரம் நிற்பதைப் போல. இப்போதுள்ள அணுக்கடிகாரங்களை இது இன்னும் வெல்லவில்லை. ஆனால் ஒரு வசதி இருக்கிறது: ஒற்றை அணுவை அந்தரத்தில் நிறுத்தும் பெரிய ஏற்பாடு வேண்டாம், கோடிக்கணக்கான கருக்கள் சிறு கல்லொன்றுக்குள் அமைதியாக அமர்ந்திருக்கும். நாளைக்கு இது சிறிய, உறுதியான, தூக்கிச் செல்லத்தக்க கடிகாரமாக வரக்கூடும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

விநாடிக்குப் புதிய வரையறை தருவது பற்றி உலக நாடுகள் 2022ஆம் ஆண்டு மாநாட்டில் பேசி, 2030ஆம் ஆண்டு மாநாட்டை இலக்காகக் குறித்திருக்கின்றன. அதுவரை சீசியத்தின் 9,192,631,770தான். இந்த எண்ணை நம் பள்ளிக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறோம். சிராங்கூன் சாலையில் கேள்வி கேட்ட பையன் அதை மனப்பாடம் செய்துவிட்டான். தந்தையாரின் மேசைக் கடிகாரமும் இப்போது வகுப்பறையில்தான் இருக்கிறது. நாளைக்கு மூன்று நிமிடம் பிந்துகிறது. திங்கட்கிழமை தோறும் அதைத் திருத்துவது அவன் பொறுப்பு.